முக்தியின் அடுப்பு: பண்டித ரமாபாய் (1858 – 1922)

எமது விடுதிக் குசினியை மறந்த பழைய மாணவி ஒருத்தியும் இருக்கமாட்டாள். விடியற்காலையிலேயே அங்கே விளக்கு எரியும். கண்டியின் மார்கழிக் குளிரில் போர்வைக்குள் சுருண்டு கிடந்த எமக்குத் தேங்காய் துருவும் சத்தமே முதல் மணியாக இருந்தது. பாணும் பருப்பும் சம்பலும் மேசைக்கு வந்ததும் தலைகுனிந்து கடவுளுக்கு நன்றி சொல்லுவோம். சமைத்தவர்களின் பெயரை எம்மில் எத்தனை பேர் கேட்டறிந்தோம்?

கிறிஸ்தவ மிஷன் பாடசாலை ஒன்றில் படித்த நாம், ஊழியத்துக்கான அழைப்பு என்ற சொல்லைச் சிறுவயது முதல் கேட்டே வளர்ந்தோம். ஆசிரியப்பணி ஓர் அழைப்பு, வைத்தியம் ஓர் அழைப்பு, தாதிமை ஓர் அழைப்பு என்று காலை ஆராதனைகளில் சொல்லப்பட்டது. சமையலை அந்த வரிசையில் யாரும் சேர்த்து நாம் கேட்டதில்லை. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவுக்குப் போன நாமும் மனையியல் எடுத்த தோழிகளைப் பார்த்துக் கொஞ்சம் இரக்கப்பட்டோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று கண்டிக்கு வெளியே கிளினிக்கில் அமர்ந்து, வயதுக்கேற்ற நிறையில்லாத பிள்ளையையும் இரத்தச்சோகையால் வெளிறிய தாயையும் பார்க்கும்போது, அவர்களுக்கு முதலில் தேவையான மருந்து எமது மருந்துச் சீட்டில் எழுதக்கூடியதல்ல என்பது விளங்குகிறது. அது அடுப்பில் வேகவேண்டியது.

ஆகவே நூற்றாண்டு மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதும்படி சங்கம் கேட்டபோது, பண்டித ரமாபாயைத் தெரிந்தெடுத்தோம். சமஸ்கிருத அறிஞர், விதவைகளின் தோழி, வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்த்தவர் என்று அவரைப் பலரும் அறிவர். நாம் அவருடைய வாழ்வை அடுப்பின் பக்கமிருந்து சொல்லப் போகிறோம்.

காட்டில் ஓர் ஆசிரமம்

ரமாபாய் 1858 ஏப்ரல் 23ஆம் திகதி மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள கங்காமூலா என்ற காட்டில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய பண்டிதர். பெண்களுக்குச் சமஸ்கிருதம் கற்பிக்கலாகாது என்றிருந்த காலத்தில் தம் மனைவி இலட்சுமிபாய்க்கு அதைக் கற்பித்தார். ஊரார் எதிர்த்தனர். அவர் காட்டுக்குப் போய் ஆசிரமம் அமைத்தார்.

அந்த ஆசிரமத்துக்கு மாணவர்கள் வந்தனர், யாத்திரிகர்கள் வந்தனர். வந்தவர் எல்லோருக்கும் உணவு உண்டு. விருந்தோம்பலிலேயே குடும்பத்தின் சொத்துக் கரைந்தது. ரமாபாய் ஆறு மாதக் குழந்தையாக இருக்கையில் குடும்பம் ஆசிரமத்தை விட்டு யாத்திரை புறப்பட்டது. குழந்தையைப் பிரம்புக் கூடையில் வைத்து ஒருவர் தலையில் சுமந்து சென்றார்.

அதன் பின்னர் அவர்களுக்கு நிலையான வீடு இருக்கவில்லை. கோயில் கோயிலாகச் சென்று புராணம் வாசிப்பதும், கேட்போர் தருவதைக் கொண்டு வாழ்வதுமே தொழில். வீட்டு வேலைகள் நாள் முழுவதையும் விழுங்கிவிடுமென்பதால், தாய் பொழுது விடியுமுன் மகளை எழுப்பி மடியில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பாகவதத்தின் பதினெட்டாயிரம் சுலோகங்களை மகள் மனனம் செய்தது அப்படித்தான். பகலில் சமைத்த அதே கைகளே விடியற்காலையில் நூலைப் பிடித்தன. தமது பிற்கால வாழ்வு முழுவதற்கும் இந்தத் தாய் ஊட்டிய ஒளியே வழிகாட்டியது என்று ரமாபாய் எண்ணினார்.

ஒரு துண்டு ரொட்டி

1870களில் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. கையிலிருந்த பணம் தீர்ந்தது, பாத்திரங்கள் விற்றுப் போயின. பிராமணக் குடும்பம் உடல் உழைப்பு வேலை செய்யக் கற்றிருக்கவில்லை. பிச்சை கேட்கவும் வாய் வரவில்லை. திருப்பதியை அண்டிய காட்டில் இலைகளையும் நீரையும் உண்டு நாட்களைக் கழித்தார்கள். 1874இல் தந்தை இறந்தார். சிறிது காலத்தில் தாயும் பசிநோயில் விழுந்தார்.

காய்ச்சலில் தாய் உணவு கேட்டுப் புலம்பினார். ரமாபாய் அயலிலுள்ள ஒரு வீட்டின் முன் போய் நின்றார். கம்பு ரொட்டியில் ஒரு துண்டு கேட்க வேண்டும், நா எழவில்லை. தன்னோடு தானே போராடித்தான் கேட்டார். ரொட்டி கிடைத்தது. தாயால் அதை உண்ண முடியவில்லை. அவர் இறந்தபோது பாடை சுமக்க ஆட்கள் போதாமல், பதினாறு வயது மகளே நான்காவது ஆளாகத் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. உயரம் குறைந்தவராதலால் தலையில் வைத்துச் சுமந்தார். பின்னர் தமக்கையும் இறந்தார்.

இந்த இடத்தில் எமது வாசகர் ஒரு கணம் நிற்கவேண்டும். அந்த மழையின்மையைத் தொடர்ந்து 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சமே, தென் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து எண்ணற்ற குடும்பங்களைக் கண்டிச் சீமைக்கு அனுப்பியது. 1877ஆம் ஆண்டில் மட்டும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இலங்கைக்கு வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் தம்புள்ளை, மாத்தளை வழியே கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தனர். வழியில் இறந்தவர்களைப் புதைத்த இடங்களில் இன்று பெயர்ப்பலகை இல்லை. எம்மோடு ஒரே வகுப்பில் அமர்ந்திருந்த பலருடைய பூட்டனும் பூட்டியும் அந்தப் பாதையால் வந்தவர்களே. ரமாபாயின் தாய் உண்ண முடியாமல் போன ரொட்டித் துண்டு எமக்குத் தூரத்துக் கதையல்ல.

எஞ்சிய அண்ணனும் தங்கையும் ஆயிரக்கணக்கான மைல் நடந்தார்கள். ஒரு கைப்பிடி தானியத்தை நீரில் ஊறவைத்து உப்பிட்டு உண்ட நாட்கள் உண்டு. வடக்கின் குளிரில் போர்வையில்லாமல் ஆற்று மணலில் குழி தோண்டி, மணலையே போர்வையாக மூடிப் படுத்த இரவுகள் உண்டு. சாஸ்திரம் சொன்ன விரதங்கள் அனைத்தையும் காத்தும் தெய்வம் ஏன் இரங்கவில்லை என்ற கேள்வி அந்த நடையில்தான் ரமாபாயின் மனதில் வேரூன்றியது.

வைத்தியராக விரும்பியவர்

1878இல் இருவரும் கல்கத்தாவை அடைந்தனர். அந்நகரப் பண்டிதர்கள் இளம்பெண்ணின் புலமையைச் சோதித்து வியந்து, பண்டிதா என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் அளித்தனர். அங்கேதான் அவர் முதன்முதலாக ஒரு கிறிஸ்தவக் கூட்டத்துக்குப் போனார். இந்தியரும் ஆங்கிலேயரும் ஒன்றாக அமர்ந்து தேநீரும் பிஸ்கட்டும் உண்பதைக் கண்ட அண்ணனும் தங்கையும் கலியுகம் முற்றிவிட்டது என்றே அஞ்சினர். யார் யாருடன் உண்ணலாம் என்ற கேள்வி எவ்வளவு ஆழமாக அந்த உள்ளங்களில் பதிந்திருந்தது என்பதை இது காட்டும்.

1880இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டு ரமாபாய் வங்காள வழக்கறிஞர் பிபின் பிகாரி மேதாவியை மணந்தார். அவர் பிராமணர் அல்லர். அக்காலத்தில் அது பெரும் துணிவு. 1881இல் மகள் மனோரமா பிறந்தாள். 1882 பெப்ரவரியில் கணவர் வாந்திபேதியால் இறந்தார். இருபத்து மூன்று வயதில் கைக்குழந்தையுடன் ரமாபாய் விதவையானார்.

புனேக்குச் சென்று ஆரிய மகளிர் சமாஜத்தைத் தொடங்கினார். அவ்வாண்டே ஹன்டர் கல்விக் குழுவின் முன் சாட்சியம் அளிக்கையில், இந்தியப் பெண்களுக்குப் பெண் வைத்தியர்கள் வேண்டும் என்று வலியுறுத்தினார். ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்ட வெட்கி எத்தனையோ பெண்கள் மாண்டுபோவதை அவர் அறிந்திருந்தார். தாமே வைத்தியம் படிக்க வேண்டுமென்ற ஆவலோடு 1883இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ஆனால் அவருடைய செவிப்புலன் குறைந்து வந்தது. வைத்தியக் கல்வி கைகூடவில்லை. அன்று ஸ்டெதஸ்கோப்பை இழந்த கைகள் பிற்காலத்தில் எத்தனை உயிர்களைக் காத்தன என்பதை நினைக்கையில், பல்கலைக்கழக அனுமதி கிடைக்காமல் அழுத எமது தோழியர் சிலரின் முகங்கள் நினைவுக்கு வருகின்றன. அவர்களும் வீணாய்ப் போகவில்லை.

இங்கிலாந்தில் வாண்டேஜ் நகரின் கன்னியர் சபையாரோடு தங்கினார். சமூகம் கைவிட்ட பெண்களை அந்தச் சகோதரிகள் லண்டனில் அன்போடு பராமரிப்பதைக் கண்டது அவருடைய உள்ளத்தைத் தொட்டது. 1883 செப்டெம்பர் 29ஆம் திகதி மகளுடன் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் உணவு விடயத்தில் ஒரு மெல்லிய போராட்டம் தொடர்ந்தது. முட்டை சேர்ந்த புடிங்கை அவர் உண்ணவில்லை. கிறிஸ்தவளான பின்னும் சாதிப் பழக்கத்தை விடவில்லையே என்று சகோதரிகள் வருந்தினர். கிறிஸ்துவைப் பின்பற்றுவதற்கு ஆங்கிலேயரின் உணவைப் பின்பற்ற வேண்டியதில்லை என்பதில் ரமாபாய் உறுதியாக நின்றார். இறுதிவரை மரக்கறி உணவையே உண்டார்.

1886இல் அமெரிக்கா சென்றார். பிலடெல்பியாவில் பெண்கள் வைத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்ற ஆனந்திபாய் ஜோஷியின் பட்டமளிப்பைக் காணவே முதலில் போனார். தமக்குக் கைகூடாததை இன்னொரு மராத்திப் பெண் பெற்றதைக் கண்டு மகிழ அவருக்குத் தயக்கமில்லை. ஆனந்திபாய் அடுத்த ஆண்டே இருபத்தொரு வயதில் காலமானார். இந்திய விதவைகளின் நிலையைப் பற்றி ரமாபாய் எழுதிய நூல் 1887இல் வெளிவந்து, அமெரிக்கப் பெண்களின் உதவியைத் திரட்டியது.

இரண்டு அடுப்புகள்

1889 மார்ச் 11ஆம் திகதி பம்பாயில் சாரதா சதன் என்ற விதவைகள் இல்லத்தையும் பாடசாலையையும் திறந்தார். அடுத்த ஆண்டு அது புனேக்கு மாறியது. சாதி ஆசாரம் காக்க விரும்பிய இந்துப் பெண்கள் அதைக் காத்தபடியே உண்ணவும் வாழவும் அவர் வழி செய்தார். அவர் கிறிஸ்தவராகிவிட்டதால், அவர் கைபட்ட உணவை அந்தப் பெண்கள் உண்ணமுடியாது. தமது சொந்த இல்லத்தின் அடுப்பிலிருந்தே அவர் ஒதுங்கி நின்றார். வேறொருவரின் பசிக்காகத் தமது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதும் ஒரு சேவை என்பதை நாம் இதில் காண்கிறோம்.

எனினும் 1893இல் பெரும் சர்ச்சை எழுந்தது. அவர் தம் அறையில் ஜெபிக்கும்போது கதவைத் திறந்தே வைத்திருப்பார்; சில பெண்கள் வந்து அமர்வார்கள். இல்லம் மதம் மாற்றுகிறது என்று பத்திரிகைகள் கண்டித்தன. ஆலோசகர்களாக இருந்த ரானடே, பண்டார்கர் போன்ற பெரியோர் விலகினர். இருபதுக்கும் அதிகமான மாணவிகளைப் பெற்றோர் அழைத்துச் சென்றனர்.

இந்தக் குற்றச்சாட்டை நாம் மூடிமறைக்கக் கூடாது. எமது பாடசாலையில் இந்துக்களும் பௌத்தரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவரும் ஒரே நீளமேசையில் உண்டோம். பசித்தவருக்கு உணவு கொடுத்து அவருடைய நம்பிக்கையைக் கேட்பது நீதியா என்ற கேள்வி எமக்கும் உரியது. பிற்காலத்தில் ரமாபாயின் இல்லம் வெளிப்படையாகவே கிறிஸ்தவ இல்லமானது. அங்கு வந்த சிறுமியருள் மிகப்பலர் கிறிஸ்தவராயினர். அது முழுச் சுதந்திரமான தெரிவா என்று இன்று கேட்போர் உண்டு, கேட்பது நியாயமே. அதே வேளை, அந்தச் சிறுமியரை எடுத்துக்கொள்ள அன்று வேறெவரும் வரிசையில் நிற்கவில்லை என்பதும் உண்மை. எமது எண்ணம் இது: சோற்றை விலையாக வைத்தால் அது வியாபாரம், விலையில்லாமல் வைத்தால்தான் அது ஊழியம். கிறிஸ்தவ அடுப்பு ஒவ்வொன்றும் இந்த அளவுகோலால் தன்னை அளந்துகொள்ள வேண்டும். ரமாபாயின் அடுப்பும் அதற்கு விலக்கல்ல.

கேட்காவ்

புனேக்கு அப்பால், ரயில் பாதையோரம் கேட்காவ் என்ற கிராமத்தில் ரமாபாய் ஏறக்குறைய நூறு ஏக்கர் காணி வாங்கியிருந்தார். பழமரத் தோட்டம் வைத்து இல்லத்துக்கு வருமானம் தேடுவதே நோக்கம். 1896இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் விழுந்தது. செய்தி கேட்டதும் அவருக்குத் தம் தாயின் முகம் வந்திருக்க வேண்டும். 1897இல் தாமே அங்கு சென்றார். நிவாரண முகாம்களில் அநாதைச் சிறுமியர் கெடுக்கப்படுவதையும் விற்கப்படுவதையும் கண்டார். ஏறத்தாழ முந்நூறு பேரைப் பாதுகாப்பாகக் கொண்டுவந்தார். புனேயில் கொள்ளைநோய்க் கட்டுப்பாடுகள் இருந்ததால், அவர்களைக் கேட்காவ் தோட்டத்துக்கே கொண்டுபோய் மரத்தடிகளிலும் கொட்டில்களிலும் தங்கவைத்தார். முக்தி என்ற பெயருடைய இல்லம் அவ்விதம் பிறந்தது. 1900இல் குஜராத்துப் பஞ்சத்தின்போது மேலும் நூற்றுக்கணக்கானோர் வந்தனர். அங்கு வாழ்ந்தோர் தொகை இரண்டாயிரத்தை அண்மித்தது.

வைத்தியர் என்ற முறையில் இங்கே சிலவற்றைச் சொல்ல வேண்டும். பட்டினியால் மெலிந்த உடலுக்கு உடனே வயிறு நிறைய உணவு கொடுக்கக் கூடாது. இரத்தத்திலுள்ள பொஸ்பேற்று, பொட்டாசியம் போன்ற உப்புகள் திடீரெனச் சரிந்து இருதயம் நின்றுபோகலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் சிறைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டோரிடமிருந்தே வைத்திய உலகம் இதைத் தெளிவாகக் கற்றது. கஞ்சியை எவ்வளவு நீர்த்ததாகக் காய்ச்சுவது, எத்தனை முறை சிறிது சிறிதாகக் கொடுப்பது, யாருக்கு எப்போது திட உணவு என்பதெல்லாம் உயிர் காக்கும் சிகிச்சை. பஞ்சத்தில் தப்பிய பிள்ளைக்கு முதல் வைத்தியர் கஞ்சி காய்ச்சுபவரே.

தொகையையும் எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் தானியம் என்று கணக்கிட்டாலும், இரண்டாயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு 800 கிலோ. அதைப் புடைக்க வேண்டும், அரைக்க வேண்டும், சுட வேண்டும். விறகு வேண்டும். வறண்ட பூமியில் தண்ணீர் வேண்டும். ஆகவே கிணறுகள் வெட்டினார்கள். எண்ணெய் வேண்டும்; செக்கு வைத்தார்கள். பாலுக்குப் பசுக்கள், காய்கறிக்குத் தோட்டம். ஒரு நேரக் கஞ்சியிலிருந்து ஒரு கிராமமே வளர்ந்தது.

இவற்றையெல்லாம் செய்தவர்கள் அந்தப் பெண்களே. தையல், நெசவு, சலவை, சமையல், ரொட்டி சுடுதல், பால்பண்ணை, வயல்வேலை, அச்சுவேலை என எல்லாம் கற்பிக்கப்பட்டன. இதன் காரணம் எமக்கு விளங்குகிறது. பதினெட்டாயிரம் சுலோகங்கள் தெரிந்த ஒரு குடும்பம், உழைத்து ஒரு ரொட்டியைச் சம்பாதிக்கத் தெரியாமல் பட்டினியால் அழிந்தது. அந்தப் பாடத்தை ரமாபாய் மறக்கவில்லை. முக்தியில் புத்தகமும் அடுப்பும் ஒன்றுக்கொன்று கீழானவை அல்ல. பார்வையற்ற சிறுமியருக்கு மனோரமா பிரெய்ல் முறையில் வாசிக்கக் கற்பித்தார். அவர்களுக்கும் செய்வதற்கு வேலை இருந்தது. வெவ்வேறு சாதியிற் பிறந்த பெண்கள் பொதுப்பந்தியில் அமர்ந்து உண்டனர். கல்கத்தாவில் பிறரோடு உண்பதைப் பார்த்தே அஞ்சிய பெண், எல்லோரும் ஒன்றாக உண்ணும் பந்தியை விரித்தாள்.

வேதாகமத்தை எளிய மராத்தியில் தருவதற்காக எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். அதற்கான எழுத்துகளைக் கோத்து அச்சிட்டவர்களும் முக்திப் பெண்களே. 1919இல் அரசாங்கம் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அளித்தது. 1921இல் மகள் மனோரமா தாய்க்கு முன்னே இறந்தார். துயரத்தோடு மொழிபெயர்ப்பின் இறுதித் திருத்தங்களை முடித்து, 1922 ஏப்ரல் 5ஆம் திகதி ரமாபாய் கண்மூடினார். 1989இல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. கேட்காவில் முக்தி இன்றும் இயங்குகிறது.

எமக்கு

உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களுக்காகக் கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து வைத்திருந்தார் என்று யோவான் சுவிசேஷம் சொல்கிறது. இரவெல்லாம் வலை வீசிக் களைத்தவர்களுக்கு முதலில் காலை உணவு. அதன் பின்னரே பேதுருவிடம் கேள்வி. பாடசாலை நாட்களில் இந்தப் பகுதியை எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். சமைத்தவர் யார் என்பதைக் கவனிக்க எமக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

2022இல் எரிவாயுவுக்கும் மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற மாதங்களில், காலை உணவின்றிப் பாடசாலைக்கு வந்த பிள்ளைகளைப் பற்றி ஆசிரியைகளான எமது தோழியர் சொன்னார்கள். தோட்டப்புறங்களில் மந்தபோசணை அதற்கு முன்பும் இருந்தது, இன்றும் இருக்கிறது. திரிபோஷா பொதியை வாங்கிச் செல்லும் தாய், அதை வீட்டிலுள்ள நான்கு பிள்ளைகளுக்கும் பங்கிடுவதை நாம் அறிவோம். அவளைக் கண்டிக்க எமக்கு வாய் வருவதில்லை. அந்தத் தாயும் ஒரு சிறு முக்தியை நடத்துகிறாள்.

கண்டியில், கொழும்பில், யாழ்ப்பாணத்தில், திருச்சியில், லண்டனில், ரொறன்ரோவில், மெல்பேர்னில் இருந்து இந்த மலரைப் புரட்டும் சகோதரிகளிடம் இரண்டு சிறு வேண்டுகோள்கள். முதலாவது, நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை விடுதிக் குசினிக்கும் வசதி குறைந்த மாணவிகளின் காலை உணவுக்கும் ஒதுக்குவோம். மண்டபத்துக்கு நிறம் பூசுவதை ஓர் ஆண்டு பிந்தினாலும் பரவாயில்லை. இரண்டாவது, அதிபர்களின் பெயர்கள் மண்டபச் சுவரில் பொன்னெழுத்தில் உள்ளன; அது தகும். இந்த நூறாண்டுகளில் எமக்குச் சமைத்துப் போட்டவர்களின் பெயர்களையும் நினைவுள்ளவர்களிடம் கேட்டுத் திரட்டி, குசினி வாசலில் எழுதிவைப்போம். உங்கள் காலத்துச் சமையல்காரர்களின் பெயர் நினைவிருந்தால் சங்கச் செயலாளருக்கு எழுதி அனுப்புங்கள்.

எமது காலத்தவரின் பெயர்களை நாமும் இப்போதுதான் தேடத் தொடங்கியிருக்கிறோம். விடியற்காலையில் தேங்காய் துருவியவருக்கு நாம் சொல்லாமல் விட்ட நன்றி இன்னும் கடனாகவே நிற்கிறது.